புதைமேடும் காணி உறுதியும்

யப்பானைப் பற்றிப் பேச்செழுந்தால் எங்கள் கூட்டங்களில் கட்டாயம் ஒருவர் எழும்புவார். யப்பானிய மொழியும் தமிழும் ஒரே வேர், அவர்களுடைய நெல்லும் பானையும் புதைகுழியும் எங்களிடமிருந்து போனவை என்பார். கைதட்டு விழும். அத்தோடு அன்றைய வரலாற்றுப் பாடம் முடிந்துவிடும். அடுத்தது சாப்பாடு.

அந்தக் கைதட்டுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். யப்பானிலுள்ள பழைய புதைமேடுகளை யப்பானிய அரசு காணி உறுதியைப் போல வைத்திருக்கிறது. நாங்களும் அவற்றைக் காணி உறுதியாகத்தான் பார்க்கிறோம். ஒருவர் உறுதியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார். மற்றவர் அதே உறுதியில் தன் பெயரையும் எழுதிவிடத் துடிக்கிறார். உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்பவனை இருவருக்கும் பிடிப்பதில்லை.

முதலில் இந்த மேடுகள் எவை என்று பார்ப்போம். கொபுன் என்று அவற்றைச் சொல்கிறார்கள். பழைய சமாதிமேடு என்று பொருள். கி.பி. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 7ஆம் நூற்றாண்டு வரை எழுப்பப்பட்டவை. நாடு முழுவதும் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். பெரும்பாலானவை சிறிய வட்டமேடுகள். பெரும் தலைவர்களுடையவை சாவித்துவாரம் போன்ற வடிவம் கொண்டவை. ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் விரிந்துசெல்லும் முகப்பு, சுற்றிவர அகழி. மேட்டின் படிகளில் 'ஹனிவா' எனப்படும் சுட்டமண் உருளைகளையும் உருவங்களையும் நிரையாக நட்டிருக்கிறார்கள். உள்ளே இறந்தவருடன் வெண்கல ஆடிகள், வாள்கள், இரும்புக் கவசங்கள், பிற்காலத்தில் குதிரைச் சேணங்கள்.

யப்பானில் இன்று கிடைக்கும் மிகப் பழைய வரலாற்று நூல்கள் 712இலும் 720இலும் எழுதி முடிக்கப்பட்டவை. எழுதுவித்தது அரசவை. அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் அங்கே ஓர் அரசு எப்படி உருவாகியது, யார் யாருக்கு அடங்கினார்கள், இரும்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கு மண்ணுக்குள்தான் பதில் இருக்கிறது. சைத்தாமாவிலுள்ள இனாரியாமா மேட்டில் 1968இல் ஒரு துருப்பிடித்த வாள் கிடைத்தது. பத்து வருடங்களின் பின், 1978இல், எக்ஸ்-கதிர் கொண்டு பார்த்தபோது பொன்னால் பதித்த 115 எழுத்துகள் தெரிந்தன. ஓவாக்கே என்ற ஒருவன் தன் எட்டுத் தலைமுறைப் பெயர்களையும், தான் வாக்கத்தக்கேரு என்ற வேந்தனிடம் சேவகம் செய்ததையும் அதில் பொறித்திருந்தான். அதிலுள்ள ஆண்டை 471 என்று பெரும்பாலானோர் கொள்கிறார்கள். ஒரு சாதாரண மாகாணத்து மேட்டில் கிடைத்த ஒரு வாள், ஐந்தாம் நூற்றாண்டு அரசின் கை எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்று சொல்லிவிட்டது. அப்படியானால் பெரிய மேடுகள் எவ்வளவு சொல்லும்? சொல்லவிடுவதில்லை என்பதுதான் விடயம்.

ஒசாகாவுக்குத் தெற்கே சாக்காய் நகரத்தில் டைசென் மேடு இருக்கிறது. யப்பானில் ஆகப் பெரியது. அதன் நீளம் 486 மீற்றர் என்பது நெடுநாட் கணக்கு. அகழித் தண்ணீருக்குக் கீழும் அளந்து பார்த்து 2018இல் அதை 525 மீற்றர் என்றார்கள். மோசு புகையிரத நிலையத்தில் இறங்கிச் சில நிமிடங்கள் நடந்து போய் நின்றபோது நான் கண்டது ஒரு காடு. சாவித்துவார வடிவமெல்லாம் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில்தான். நிலத்தில் நிற்பவனுக்கு மரங்களும், பச்சை நிறத் தண்ணீரும், கம்பி வேலியும். சுற்றிவர ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நடக்கலாம். முகப்பில் சரளைக்கல் பரப்பிய ஒரு முற்றம், ஒரு தொரி வாசல், ஓர் அறிவிப்புப் பலகை. உள்ளே கண்டபடி நுழையாதே, மீனையும் பறவையையும் பிடிக்காதே, மூங்கிலையும் மரத்தையும் வெட்டாதே. கீழே குனாய்சோ என்னும் அரச மாளிகை முகவரகத்தின் பெயர்.

எனக்கு மீனும் வேண்டாம், மூங்கிலும் வேண்டாம். உள்ளே யார் கிடக்கிறார் என்று மட்டும் கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்குப் பலகையில் இடமில்லை. பதிலை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள்: பேரரசர் நின்தொக்கு.

பழைய நூல்களின்படி நின்தொக்கு நான்காம் நூற்றாண்டில் ஆண்டு 399இல் இறந்தவர். மேட்டில் கிடைத்த ஹனிவாத் துண்டுகளோ ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. இதைவிட வேடிக்கையானது பக்கத்திலுள்ள இன்னொரு பெரிய மேடு. அது நின்தொக்குவின் மகன் ரிச்சூவின் சமாதி என்று முகவரகம் சொல்கிறது. தொல்லியலாளர்கள் அதை டைசென் மேட்டைவிட முந்தியதாகக் கணிக்கிறார்கள். தகப்பனுக்கு முன்னரே மகனுக்குச் சமாதி கட்டிய நாடு யப்பான் என்று நாம் நம்பவேண்டும். 1872இல் டைசென் மேட்டின் முகப்புப் பகுதியில் மண் சரிந்து ஒரு கல்லறை வெளிப்பட்டது. கற்பேழையும் பொன்முலாமிட்ட கவசமும் இருந்தன. அவற்றை ஓவியமாக வரைந்தபின் மீண்டும் மூடிவிட்டார்கள்.

இந்தப் பெயர்களை மேடுகளுக்குச் சூட்டியது யார்? 1860களில் ஷோகுன் ஆட்சி தள்ளாடிய காலத்தில், பேரரசரின் பெயரால் அரசியல் செய்யவேண்டியிருந்தபோது சமாதிகளைத் தேடும் வேலை மும்முரமாகியது. மெய்ஜி அரசு 1889இல் தனது அரசியலமைப்பை வெளியிட்ட ஆண்டளவில் அந்த வேலையை முடித்துவிட்டது. அறுபடாத ஒரே வம்சம் என்று சட்டத்தில் எழுதினால் அந்த வம்சத்தின் ஒவ்வொருவருக்கும் நிலத்தில் ஓர் இடம் காட்டவேண்டும் அல்லவா? நூலில் பெயரிருந்தது, ஊரில் மேடிருந்தது. இரண்டையும் பொருத்தி நொத்தாரிசு வேலை பார்த்தார்கள். பேரரச குடும்பத்தினருடையவை என்று சுமார் 900 இடங்கள் இன்றும் முகவரகத்தின் கையில். சாதாரண தொல்லியற் சட்டத்தின் நடைமுறைகள் அவற்றின் வேலிக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

நொத்தாரிசு பிழைவிட்டால் யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். ஹோரா என்ற ஊரின் கதையைக் கேளுங்கள். கி.மு. 660இல் அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் முதற் பேரரசர் ஜிம்மு ஒரு புராண மனிதர். வரலாற்றாசிரியர்களில் மிகப் பெரும்பாலானோர் அவரை வாழ்ந்த மனிதராகக் கொள்வதில்லை. அவருக்கும் ஒரு சமாதி வேண்டியிருந்தது. நாராவில் உனேபி மலையடியில் ஓரிடத்தை 1863இல் முடிவுசெய்து கட்டி எழுப்பினார்கள். அந்த மலைச்சரிவில் ஹோரா இருந்தது. ஊரவர்கள் புராக்குமின், பிறப்பால் தீட்டுக்குரியவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களுடைய வீடுகள் சமாதியைப் பார்த்தபடி மேலே இருப்பது புனிதத்துக்கு இழுக்கு என்ற குரல்கள் எழுந்தன. 1917 அளவில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் இருநூறு குடும்பங்களளவில் மலையிலிருந்து கீழே இறக்கப்பட்டன. நிலம் அரச குடும்பத்துக்குப் போனது. வாழ்ந்திராத ஒருவரின் சமாதிக்காக வாழ்ந்துகொண்டிருந்தவர்களை எழுப்பினார்கள்.

இதை எங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டுவந்தவர்கள் நாங்கள். ஊர்விளிம்பில் ஆட்களைக் குடியிருத்தி, சுடலையைக்கூடச் சாதிக்கொன்றாகப் பிரித்து வைத்தவர்களும் நாங்கள்தான். ஹோராவின் கதையில் எங்களுக்கு இரண்டு வேடங்களும் பொருந்தும். 'யப்பானியரும் நாங்களும் ஒன்று' என்று மேடையில் முழங்குகிறவர் எந்த யப்பானியரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவிரும்புகிறேன். மேட்டின் நடுவில் பேழைக்குள் கிடப்பவரையா, மலையிலிருந்து இறக்கப்பட்டவரையா?

மண் சுமந்தவர்களைப் பற்றி யாரும் உரிமை கொண்டாடுவதில்லை. யப்பானின் ஒபயாஷி கட்டட நிறுவனம் 1985இல் ஒரு கணக்குப் போட்டது. அக்காலக் கருவிகளுடன், நாளொன்றுக்கு அதிகபட்சம் 2000 பேர் வேலை செய்தால் டைசென் மேட்டைக் கட்டி முடிக்க 15 வருடங்களும் 8 மாதங்களும் ஆகும். மொத்தம் 68 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆள்நாட்கள். அந்தக் கூடைகளைச் சுமந்த எவரது பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை. ஆண்ட பரம்பரை தேடுகிறவர்களுக்கு அந்தப் பெயர்கள் தேவையும் இல்லை.

பூட்டாத மேடு எப்படியிருக்கும் என்பதற்கு ஒசாகாவுக்கு வடக்கே தக்காட்சுக்கி நகரத்துக்குப் போகவேண்டும். ஆறாம் நூற்றாண்டின் பேரரசர் கெய்தாய் 531 அளவில் இறந்தவர். அவருடைய சமாதி என்று முகவரகம் பூட்டி வைத்திருப்பது அயல் நகரான இபராக்கியிலுள்ள ஒரு மேட்டை. அது ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதாவது இறப்பதற்கு ஏறக்குறைய எண்பது வருடங்களுக்கு முன்னரே கட்டியது. உண்மையான சமாதி தக்காட்சுக்கியிலுள்ள இமாஷிரோசுக்கா மேடுதான் என்பது ஆய்வாளர்களின் பெரும்பான்மைக் கருத்து. முகவரகம் முகவரியைப் பிழையாக எழுதியதால் அந்த மேடு மக்களுக்குத் தப்பியது. 1997இலிருந்து நகரசபை அங்கே முறையாக அகழாய்வு செய்தது. 2011இல் பூங்காவாகத் திறந்துவிட்டது.

அங்கே நான் மேட்டின் மேலேயே ஏறி நடந்தேன். ஒரு கிழவர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் சரிவில் ஓடினார்கள். அகழிக்கரை வரப்பில் இருநூறளவில் ஹனிவாக்களின் மாதிரிகளை, அகழாய்வில் தெரியவந்த ஒழுங்கிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். வீடுகள், பூசாரிப் பெண்கள், போர்வீரர்கள், மல்லர்கள், குதிரைகள், நீர்ப்பறவைகள். ஓர் அரசனின் மரணச் சடங்கு கண்முன் அணிவகுத்து நிற்கிறது. 1596ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மேடு சரிந்ததால் முழுப் பேழை எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் உடைந்த கற்கள் மூன்று வெவ்வேறு பேழைகளைக் காட்டின. ஒன்றின் கல் இளஞ்சிவப்பு நிறமானது, தொலைவிலுள்ள கியூஷு தீவின் அசோ எரிமலைக் கல். அத்தனை பாரத்தைக் கடல்வழியாக இழுத்துவர வைத்த அதிகாரம் எத்தகையது, அந்தப் பாதையில் யாருடைய துறைகள் இருந்தன என்ற கேள்விகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. கெய்தாய் தலைநகர்ப் பகுதிக்கு வெளியிலிருந்து வந்து அரியணை ஏறியவர். அறுபடாத வம்சம் என்ற கதையில் மிகவும் இளகிய முடிச்சு அவர்தான். அவருடைய மேட்டில் நாயோடு உலாவியதால் யப்பானுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

பூட்டுக்கு ஆதரவானவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். முன்னோரின் அமைதியும் கண்ணியமும் என்பது ஒன்று. அது முகவரகமே சொல்வது. தோண்டினால் அழியும் என்பது மற்றது. இரண்டாவதை இலேசில் தள்ளிவிட முடியாது. அசுக்காவிலுள்ள தக்காமட்சுசுக்கா கல்லறையில் 1972இல் அழகிய சுவரோவியங்களைக் கண்டெடுத்தார்கள். சுமார் 1300 வருடங்கள் இருட்டில் நிலைத்த ஓவியங்களைச் சில பத்தாண்டுகளில் பூஞ்சணம் தின்றது. 2007இல் கல்லறையைப் பிரித்தெடுத்துத்தான் மிச்சத்தைக் காப்பாற்ற முடிந்தது. திறப்பது எப்போதும் நல்லது என்று இதற்குப் பிறகு யாரும் சொல்லமுடியாது. நானும் எல்லா மேடுகளையும் தோண்டுங்கள் என்று கேட்கவில்லை. தோண்டுவதா விடுவதா என்பதை அறிவுள்ளவர்கள் பகிரங்கமாக விவாதித்து முடிவெடுக்கட்டும் என்கிறேன். 2008இல் நாராவிலுள்ள கொசாஷி மேட்டில் 16 ஆய்வாளர்களை அனுமதித்தார்கள். கீழ்ப்படியில் சில மணிநேரம் நடக்க மட்டும். 2018இல் சாக்காய் நகரசபையுடன் சேர்ந்து டைசென் மேட்டின் அகழிக்கரையில் சிறிய அகழாய்வு ஒன்றுக்கு முகவரகம் இணங்கியது. அடுத்த வருடம் அந்த மேடுகளை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது 'நின்தொக்கு பேரரசர் சமாதி' என்ற பெயரே போனது. நிறுவப்படாத பெயரை உலகத்துக்கு அறிவிக்கவேண்டாம் என்று யப்பானியத் தொல்லியல் அமைப்புகள் பல சேர்ந்து கவலை தெரிவித்தன. தங்கள் அரசின் பெருமிதத்தைத் தாங்களே கேள்வி கேட்கும் அந்த யப்பானியர்களைத்தான் நாங்கள் உறவு கொண்டாடியிருக்க வேண்டும்.

பூட்டுக்குப் பின்னால் வேறொரு பயமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொரியா. இந்த மேடுகளில் கிடைக்கும் குதிரைச் சேணமும், கடுஞ்சூட்டில் சுட்ட சாம்பல்நிறப் பானைகளும், இரும்பும் கொரியத் தீபகற்பத்தோடு இருந்த நெருக்கத்தைச் சொல்கின்றன. பழங்காலத்தில் யப்பான் கொரியாவின் தென்பகுதியை ஆண்டது என்ற கதையைச் சொல்லித்தான் 1910இல் கொரியாவை விழுங்கியதை நியாயப்படுத்தினார்கள். மண் சொல்வதோ இருவழிப் போக்குவரத்தை. கொரியாவின் தென்மேற்கில் யப்பானியச் சாவித்துவார வடிவ மேடுகள் பத்துக்கு மேல் இருக்கின்றன. 1971இல் திறக்கப்பட்ட பெக்ஜே மன்னன் முர்யோங்கின் பேழை யப்பானில் வளரும் மரத்தால் செய்தது. தன் முன்னோரான பேரரசர் கம்முவின் தாய் அதே முர்யோங்கின் வழிவந்தவள் என்று பழைய நூலை எடுத்துக்காட்டிக் கொரியாவுடன் உறவை உணர்வதாக 2001இல் பேரரசர் அகிஹித்தோவே சொன்னார். தூய வம்சம் தேடுகிறவனுக்கு மண் எப்போதும் கலப்பைத்தான் எடுத்துக் கொடுக்கிறது.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். தமிழ்–யப்பானிய உறவுக் கருதுகோளை முன்வைத்தவர் கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ. 2008இல் காலமானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். யப்பானின் பழைய பாடற்றொகையான மன்யோசுவைத் தமிழுக்குக் கொண்டுவந்த பணிக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஓனோ சொற்பட்டியல்களைத் தந்தார், தாழிப் புதையல்களை ஒப்பிட்டார், மறுத்தவர்களுக்குப் பதில் எழுதினார். ஒப்பியல் மொழியியலாளரில் பெரும்பாலானோர் அவருடைய முடிவை ஏற்கவில்லை. யயோய் காலத்து நெற்செய்கை கொரியா வழியாக வந்தது என்பதே பொதுவான கருத்து. தாழியில் புதைக்கும் வழக்கம் வியட்நாமிலும் பிலிப்பீன்சிலும்கூட இருந்தது. ஓனோ பேசியதோ யயோய் காலத்தை. எங்கள் மேடைகளில் காட்டப்படும் சாவித்துவார மேடுகள் அதற்குப் பிந்தியவை. கருதுகோள் வைப்பது அறிஞனின் வேலை, அதில் குறையில்லை. நாங்கள் அவருடைய பட்டியலையும் படிக்கவில்லை, மறுப்பையும் படிக்கவில்லை. முடிவை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம்.

பழைமைக்கான பசி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை யப்பானே காட்டியிருக்கிறது. பழங்கற்காலக் கருவிகளைத் தொட்ட இடமெல்லாம் கண்டெடுத்த ஒருவர், அவற்றைத் தானே முதலில் புதைத்ததை 2000 நவம்பரில் 'மைனிச்சி' பத்திரிகை படம்பிடித்து வெளியிட்டது. அதற்குள் யப்பானியரின் பழைமை பல இலட்சம் வருடங்கள் பின்னே போய்ப் பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது. ஏமாற்றியவர் ஒருவர்தான். ஏமாற விரும்பியவர்கள் ஒரு நாடு. ஆனால் அந்த நாட்டில் ஒரு பத்திரிகை கமராவோடு காத்திருந்தது, அறிஞர்கள் பின்னர் ஒவ்வோர் இடமாகச் சரிபார்த்துக் கழித்தார்கள். எங்களிடம் அந்தக் கமரா உண்டா?

தொல்லியலைக் காணி உறுதியாக்கினால் என்ன நடக்கும் என்று எங்களைவிட அனுபவித்தவர்கள் குறைவு. 2020இல் இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் தொல்லியல் இடங்களைக் 'காக்க' சனாதிபதி ஒரு செயலணி அமைத்தார். தலைவர் பாதுகாப்புச் செயலாளர். அமைத்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. நாங்கள் கொதித்தோம், சரியாகவே கொதித்தோம். ஆனால் எங்கள் வாதம் 'இது உங்களுடையதல்ல, எங்களுடையது' என்பதாக மட்டும் நின்றால், செயலணியின் தர்க்கத்தைத்தான் நாங்களும் ஏற்றிருக்கிறோம். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் பல்கலைக்கழகத்தார் ஒரு பெருங்கற்காலப் புதைகுழியை அகழ்ந்தபோது, எலும்புக்கூட்டோடு ஒரு சிறு முத்திரையும் கிடைத்தது. அந்த மனிதர் யார், எதை உண்டார், யாரோடு வாணிபம் செய்தார் என்று எங்களில் எத்தனை பேர் கேட்டோம்? 'அப்பவே நாங்கள் இருந்தோம்' என்பதற்கு ஒரு கையெழுத்தாகத்தான் அவரை வைத்திருக்கிறோம்.

யப்பானுக்குப் போகிறவர்கள் டைசென் மேட்டின் வேலியைச் சுற்றி நடந்து பாருங்கள், பிறகு இமாஷிரோசுக்காவின் மேல் ஏறிப் பாருங்கள். முதலாவதில் ஒரு பெயர் எழுதியிருக்கும், கேள்வி கேட்க வழியிருக்காது. இரண்டாவதில் அரசாங்க முத்திரை இல்லை, ஆனால் ஒவ்வொரு உடைந்த கல்லும் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். இறந்தவருக்கு எது கூடிய மரியாதை என்று அங்கே நின்று யோசியுங்கள். அடுத்த கூட்டத்தில் யாராவது யப்பானியப் புதைகுழிகள் எங்களுடையவை என்று எழும்பினால், கைதட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: எந்த மேடு, எந்த நூற்றாண்டு, தோண்டியது யார், கிடைத்தது என்ன? பதில் வந்தால் நானும் கைதட்டுகிறேன்.